‘யார்?’ என்று கேட்காமல் ‘எது இருக்க?’ என்று கேட்பது: சார்பின் தோற்றம்

வாசகர் ஒருவர் கேட்டிருப்பது இதுதான்: “பௌத்தத்தில் பிரதீத்ய சமுத்பாதம் என்று பெரிதாகப் பேசுகிறார்களே, எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் உண்டு என்பதைத்தானே சுற்றி வளைத்துச் சொல்கிறார்கள்? அதில் புதிதாக என்ன இருக்கிறது? அப்புறம், ஆன்மா இல்லை என்று சொல்லிவிட்டு மறுபிறப்பு மட்டும் உண்டு என்றால், பிறப்பது யார்?”

பிரதீத்ய சமுத்பாதம் என்றால் சார்பின் தோற்றம், ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றுவது. கேள்வியின் முதல் பாதியைப் படித்ததும் புத்தரின் அணுக்கச் சீடர் ஆனந்தர்தான் நினைவுக்கு வந்தார். புத்தரின் உரைகளைத் தொகுத்த பாலி நூல்களில் ஒன்றான தீக நிகாயத்தில் மகாநிதான சுத்தம் என்று ஒரு உரையாடல் உண்டு. (சுத்தம் என்பது பாலியில் இத்தகைய ஓர் உரைக்குப் பெயர்.) ஆனந்தர் புத்தரிடம் வந்து, ‘இது ஆழமானது என்கிறார்கள், எனக்கென்னவோ தெள்ளத் தெளிவாகத் தெரிகிறது’ என்கிறார். ‘அப்படிச் சொல்லாதே, ஆனந்தா’ என்று புத்தர் உடனே தடுக்கிறார். இது விளங்காததால்தான் மக்கள் சிக்குப் பிடித்த நூல்கண்டு மாதிரி கிடக்கிறார்கள் என்கிறார். பல நூற்றாண்டுகள் கழித்து, இதற்குப் பெரிய விரிவுரை எழுத உட்கார்ந்த பாலி உரையாசிரியர் புத்தகோசரும் கடலில் இறங்கிக் கால் பாவாதவன் நிலையில் இருப்பதாக ஒப்புக்கொள்கிறார். ஆகவே ‘இவ்வளவுதானா’ என்று தோன்றினால் நீங்கள் ஆனந்தரின் வரிசையில் நிற்கிறீர்கள். மோசமான வரிசை இல்லை.

‘எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு’ என்பதை அந்தக் காலத்து இந்தியாவில் பலரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஆசீவகத் தலைவர் மற்கலி கோசாலர் போன்ற சிலர்தான், உயிர்கள் கெடுவதற்கும் தூய்மை அடைவதற்கும் ஏதுவும் இல்லை சார்பும் இல்லை, எல்லாம் நியதி என்று சொன்னதாகப் பாலி நூல்கள் பதிவு செய்கின்றன. மற்றவர்களுக்குள் சண்டை காரணம் உண்டா இல்லையா என்பதில் இல்லை, காரணம் எப்படிப்பட்டது என்பதில்தான். பிற்காலச் சாங்கியர், விளைவு காரணத்துக்குள் ஏற்கெனவே ஒளிந்திருக்கிறது என்றார்கள், எள்ளுக்குள் எண்ணெய் போல. நியாய வைசேடிகர், இல்லை, விளைவு புதிதாகத் தோன்றுகிறது என்றார்கள். பௌத்தம் இந்த இரண்டு கட்சியிலும் சேராமல் கேள்வியின் அமைப்பையே மாற்றியது.

மாற்றிய விதத்தை அதன் சூத்திரத்திலேயே பார்க்கலாம். பாலியில் அது ‘இமஸ்மிம் சதி இதம் ஹோதி’ என்று தொடங்குகிறது. தமிழில் சொன்னால்: இது இருக்க, இது ஆகிறது. இது தோன்ற, இது தோன்றுகிறது. இது இல்லாதிருக்க, இது ஆவதில்லை. இது ஒழிய, இது ஒழிகிறது.

நான்கே வரி. இதைத் தமிழ் வழியாகப் படிக்கிறவனுக்கு ஒரு வசதி இருக்கிறது. நம் இலக்கணத்தில் ‘செய’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம் உண்டல்லவா? ‘மழை பெய்யக் குளம் நிறைந்தது’ என்றால் மழை காரணம். ‘ஞாயிறு பட வந்தான்’ என்றால் சூரியன் மறைந்தது அவன் வந்ததற்குக் காரணம் இல்லை, உடன் நிகழ்ந்தது, அவ்வளவுதான். ஒரே எச்சம் இரண்டு உறவையும் தாங்குகிறது. பாலியின் ‘சதி’ (‘இருக்க’) என்ற அமைப்பும் அப்படித்தான். ‘அ என்பது ஆ என்பதை உண்டாக்குகிறது’ என்று அது சொல்லவே இல்லை. ‘அ இருக்க, ஆ ஆகிறது’ என்று நிறுத்திக்கொள்கிறது. உண்டாக்குகிறவன் யாரும் அந்த வாக்கியத்தில் இல்லை. சாலிஸ்தம்ப சூத்திரம் நெல் நாற்றை வைத்து இதை விளக்கும்: விதைக்கு ‘நான் முளையைப் பிறப்பிக்கிறேன்’ என்ற எண்ணம் இல்லை, முளைக்கு ‘விதை என்னைப் பிறப்பித்தது’ என்ற எண்ணமும் இல்லை. மண், நீர், சூடு, காற்று, பருவம் எல்லாம் கூட, முளை வருகிறது.

அதனால்தான் ‘காரண காரியத் தொடர்’ என்ற வழக்கமான மொழிபெயர்ப்பு எனக்கு உவப்பில்லை. மணிமேகலையில் சாத்தனார் ‘சார்பு’ என்கிறார். அதுதான் சரியான சொல். சுவரில் சாய்த்து வைத்த ஏணியைச் சுவர் உண்டாக்கவில்லை. ஆனால் சுவரை எடுத்தால் ஏணி நிற்காது. பௌத்தம் தேடுவது எதை எடுத்தால் எது நிற்காது என்பதை.

இந்தச் சூத்திரத்தை எதற்குப் பொருத்தினார்கள் என்பது அடுத்தது. மழைக்கோ மலைக்கோ அல்ல, துக்கத்துக்கு. மணிமேகலையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் காஞ்சியில் மணிமேகலைக்கு உபதேசிக்கும் பட்டியல் பன்னிரண்டு: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு (மனமும் உடலும்), வாயில் (ஐம்பொறியும் மனமும்), ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம் (ஆகுதல்), தோற்றம் (பிறப்பு), வினைப்பயன் (மூப்பு, சாவு). பாலியின் அவிஜ்ஜா முதல் ஜராமரணம் வரையிலான அதே பன்னிரு நிதானங்கள்தான், அதாவது சார்புக் கண்ணிகள்தான். இவ்வளவு சுத்தமான தமிழில் இந்தப் பட்டியல் கிடைப்பது நமக்கு அதிர்ஷ்டம். ஆனால் இங்கேயே நம்மை ஏமாற்றும் சொற்களும் சில இருக்கின்றன. ‘உணர்வு’ என்றால் இன்று நாம் சொல்லும் உணர்ச்சி அல்ல, பாலியில் விஞ்ஞாணம், அதாவது அறியும் செயல். ‘ஊறு’ என்றால் தீங்கு அல்ல, தொடுகை: உள்ளமும் பொறியும் புலனும் கூடுவது. ‘நுகர்வு’ கடைத்தெரு நுகர்வோர் சம்பந்தப்பட்டதல்ல, இன்பமாகவோ துன்பமாகவோ இரண்டும் இல்லாமலோ ஒன்று படுவது. இதற்குப் பாலிச் சொல் ‘வேதனா’. அதைத் தமிழ் ‘வேதனை’ என்று படித்துவிட்டு, ‘பௌத்தம் எல்லாமே வேதனை என்கிறது’ என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். பாலியில் இனிப்பு தின்றாலும் வேதனாதான்.

மணிமேகலை ஒவ்வொன்றுக்கும் சொல்லும் விளக்கங்கள் அழகானவை. பேதைமைக்கு அது காட்டும் எடுத்துக்காட்டு, நேரில் கண்டதை மறந்துவிட்டு, முயலுக்குக் கொம்பு உண்டு என்று யாரோ சொன்னதை நம்புவது. அதாவது பேதைமை வெறும் தகவல் குறைவு அல்ல, இல்லாத ஒன்றை உறுதியாகப் பிடித்துக்கொள்வது. வேட்கை என்றால் நுகர்ந்தது ஆராமை, போதவில்லை என்ற நிலை. பற்று என்றால் பசை ஏறிய அறிவு. பாலியில் பற்றுக்குச் சொல் உபாதானம். அதற்கு விறகு, எரிபொருள் என்ற பொருளும் உண்டு. தீ விறகைப் பற்றுகிறது என்று தமிழிலும்தான் சொல்கிறோம். நிப்பாணம் (நிர்வாணம்) என்ற சொல்லுக்கு அணைதல் என்று பொருள் இருப்பதும் இதே உவமையின் மறுபக்கம்தான்.

ஒரு நடைமுறை உதாரணம். நண்பர் ஒருவருக்கு இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸாப்பில் ஒரு செய்தி அனுப்பினேன். இரண்டு நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை. கண், திரை, பார்க்கும் அறிவு மூன்றும் கூடியது ஊறு. உடனே நெஞ்சில் ஒரு சின்னக் கசப்பு, அது நுகர்வு. அது வரைக்கும் தப்பில்லை, யாருக்கும் வரும். பதில் வந்தாக வேண்டும் என்ற அரிப்பு, இந்தக் கசப்பு போய்த்தொலைய வேண்டும் என்ற அரிப்பு இரண்டும் வேட்கை. (விரும்புவது மட்டுமல்ல, ஒழியட்டும் என்பதும் பௌத்தத்தில் வேட்கைதான்.) ‘அவன் எப்பவும் இப்படித்தான்’ என்ற கருத்து வந்து ஒட்டிக்கொண்டது பற்று. கருத்துகளைப் பற்றுவது பௌத்தம் சொல்லும் நான்கு வகைப் பற்றுகளில் ஒன்று. அப்புறம் மனம் ஒரு காரசாரமான பதிலைத் தயாரிக்க ஆரம்பித்தது, பவம். பத்தரை மணிக்கு ‘மதிக்கப்படாத மனிதன்’ ஒருவன் முழுதாகப் பிறந்து கட்டிலில் புரண்டுகொண்டிருந்தான். மறுநாள் காலையில் நண்பர் கூப்பிட்டு, பிள்ளைக்குக் காய்ச்சல், பார்த்துவிட்டு வைத்துவிட்டேன் என்றார். அந்த மனிதன் அங்கேயே செத்தான். கொஞ்சம் வெட்கமும் மிச்சம்.

இப்படி ஒரே இரவுக்குள் பன்னிரண்டையும் படிக்கலாமா என்பதில் பௌத்தர்களுக்குள்ளேயே பெரிய வழக்கு உண்டு. மரபான வாசிப்பு மூன்று பிறவி வாசிப்பு. பேதைமையும் செய்கையும் முற்பிறவி, உணர்வு முதல் பவம் வரை இப்பிறவி, தோற்றமும் மூப்பு சாவும் மறுபிறவி. 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரையில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கத்தின் 17ஆம் அதிகாரம் இதைத்தான் விரிக்கிறது: நான்கு தொகுதி, மூன்று சந்தி, மூன்று காலம். மணிமேகலையின் 30ஆம் காதையைத் திறந்தால் அங்கேயும் கண்டம் நான்கு, சந்தி மூன்று, காலம் மூன்று. புத்தகோசர் காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததை அவரே தம் உரையொன்றின் முடிவில் குறிப்பிடுகிறார். ‘அபிதம்மாவதாரம்’ இயற்றிய புத்ததத்தர் உறையூர்க்காரர், அந்த நூலை எழுதியது காவிரிப்பூம்பட்டினத்தில். இந்தச் சிந்தனை தமிழ்க்கரைக்கு எங்கோ தூரத்திலிருந்து வந்த விருந்தாளி அல்ல.

20ஆம் நூற்றாண்டில் தாய்லாந்தின் புத்ததாச பிக்கு (1906–1993) மூன்று பிறவிப் பகுப்பைக் கடுமையாக மறுத்தார். பிறப்பு என்றால் ‘நான்’ என்ற எண்ணம் பிறப்பது, அது ஒரு நாளில் பலமுறை நடக்கிறது, பிறவிகளாக நீட்டினால் ஒரு ஆன்மாவைப் பின்வாசல் வழியாக உள்ளே விடுகிறோம் என்பது அவர் வாதம். இலங்கையின் தென்கரையில் பூந்தல என்ற இடத்தில் தனியாக வாழ்ந்த ஆங்கிலேய பிக்கு ஞாணவீரரும் (1920–1965) வேறு வழியில் இதே பகுப்பை எதிர்த்தார். ஒரு கணத்துக்குள்ளேயே பன்னிரண்டும் உண்டு என்ற வாசிப்பு ஒன்றும் புதிதல்ல. வசுபந்துவின் பழைய பௌத்தத் தத்துவ நூலான அபிதர்மகோசம் அதை நான்கு வகைகளில் ஒன்றாகப் பட்டியலிடுகிறது.

என் கருத்து: சுத்தங்கள் பிறப்பை விளக்கும் இடத்தில் உடல் தோன்றுவதையும், சாவை விளக்கும் இடத்தில் உடல் விழுவதையும்தான் சொல்கின்றன. அதை வெறும் உருவகம் என்று கழித்துவிட முடியாது. ஆனால் பயிற்சிக்குக் கைகொடுப்பது புத்ததாசரின் வாசிப்புதான். என் நீலக் குறிக் கதை அதன் பிள்ளை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பன்னிரண்டு என்பது கல்வெட்டு எண் அல்ல. ஆனந்தரிடம் பேசிய அதே மகாநிதான சுத்தத்தில் ஒன்பதுதான் வருகிறது. பேதைமையும் செய்கையும் இல்லை, ஆறு வாயில்களும் இல்லை. உணர்வையும் அருவுருவையும் ஒன்றையொன்று சார்ந்தவை என்று சொல்லிப் புத்தர் அங்கேயே வளைத்துவிடுகிறார். வேறோர் இடத்தில் புத்தரின் தலைச்சீடர் சாரிபுத்தர் இதற்கு உவமை சொல்கிறார்: ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து நிறுத்திய இரண்டு நாணற்கட்டுகள். ஒன்றை உருவினால் மற்றது விழும். சங்கிலி என்ற உவமை இந்த இடத்தில் உடைந்துபோகிறது. சங்கிலியில் முதல் கண்ணி ஒன்று வேண்டும். நாணற்கட்டில் எது முதல்?

‘சரி, முதல் பேதைமை எங்கிருந்து வந்தது?’ என்று அடுத்துக் கேட்பார்கள். புத்தர் இதற்கு, பேதைமைக்கு ‘இதற்கு முன் இல்லை, இதன் பின் வந்தது’ என்று சொல்லத்தக்க முதல் முனை காணப்படுவதில்லை, ஆனால் அதற்கும் சார்பு உண்டு, அதற்கும் உணவு உண்டு என்று பதில் சொல்கிறார். இன்னொரு சுத்தத்தில் சாரிபுத்தர், மனக் கசிவுகள் (புலனாசை போன்ற மன அழுக்குகள்) தோன்றப் பேதைமை தோன்றுகிறது, பேதைமை தோன்றக் கசிவுகள் தோன்றுகின்றன என்று இரண்டு பக்கமும் சொல்கிறார். வட்டம். சாத்தனார் ‘மண்டில வகை’ என்று சொல்வது இதைத்தான். ஆகவே இது உலகம் எப்படித் தொடங்கியது என்ற கதை அல்ல. படைப்புக் கதையை எதிர்பார்த்து இதைப் படிக்கிறவருக்கு ஏமாற்றம்தான் கிடைக்கும்.

இப்போது இரண்டாவது கேள்வி, பிறப்பது யார்?

சாதி என்ற பெயரில் ஒரு பிக்கு இருந்தார், மீனவர் மகன். ‘இதே உணர்வுதான் மாறாமல் பிறவிக்குப் பிறவி ஓடுகிறது’ என்று புத்தர் போதித்ததாக அவர் சொல்லிக்கொண்டு திரிந்தார். மஜ்ஜிம நிகாயத்தின் 38ஆம் சுத்தத்தில் அவருக்குச் செம திட்டு விழுகிறது. பிறகு புத்தர் தீயை உவமை காட்டுகிறார். கட்டையைச் சார்ந்து எரிந்தால் கட்டைத் தீ, புல்லைச் சார்ந்து எரிந்தால் புல் தீ, வறட்டியைச் சார்ந்து எரிந்தால் வறட்டித் தீ. கண்ணையும் உருவத்தையும் சார்ந்து எழுந்தால் கண்ணுணர்வு, காதையும் ஒலியையும் சார்ந்தால் செவியுணர்வு. எதையும் சாராத ‘வெறும் தீ’ எங்காவது உண்டா? அப்படித்தான் எதையும் சாராத வெறும் உணர்வும்.

மோலிய பக்குணர் என்றொரு பிக்கு ‘நுகர்கிறவன் யார்? வேட்கை கொள்கிறவன் யார்?’ என்று அடுக்கிக்கொண்டே போகிறார். ஒவ்வொரு முறையும் புத்தர் ‘கேள்வி பொருந்தாது’ என்கிறார். ‘எதைச் சார்ந்து நுகர்வு?’ என்று கேள், அது பொருந்தும் என்கிறார். மழுப்பல் என்று தோன்றலாம். ஆனால் ‘மழை பெய்கிறது’ என்று நாம் சொல்லும்போது, பெய்வதற்கு முன்னால் மழை என்று ஒன்று எங்கோ நின்றுகொண்டிருந்து, பிறகு பெய்யும் தொழிலைச் செய்வதில்லை. பெய்வதுதான் மழை. எழுவாய் இலக்கணத்தின் தேவை. அந்த இலக்கணத் தேவையை உலகத்துக்குள் ஏற்றிவிடாதே என்பதுதான் பக்குணருக்குக் கிடைத்த பதில்.

அப்படியானால் முன்னால் செய்தவனும் பின்னால் அனுபவிப்பவனும் ஒருவனா, வேறா? மிலிந்த பஞ்ஹா என்ற பாலி நூலில் நாகசேனர் என்ற பிக்கு மிலிந்தர் என்ற கிரேக்க அரசரிடம் விளக்கைக் காட்டுகிறார். இரவு முழுக்க எரிந்த விளக்கில் முதல் சாமத்துச் சுடரும் கடைசிச் சாமத்துச் சுடரும் ஒன்றா? இல்லை. அப்படியானால் வேறு வேறு விளக்குகளா? அதுவும் இல்லை. அதுவும் அல்ல, வேறும் அல்ல. இந்த விடை எல்லோருக்கும் திருப்தி தராது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பிற சமயங்களை மறுக்கும் பரபக்கத்தில் பௌத்தக் கட்சிகளைத் தனித்தனியே எடுத்து மறுக்கிறார். எல்லாம் கணந்தோறும் அழிவது என்றால் வினையைச் சுமந்துபோவது எது என்பது சைவத்தின் வலுவான கேள்வி. பௌத்தத்தின் விடை, சுமக்க ஆள் வேண்டியதில்லை, தொடர்ச்சி போதும் என்பது. இங்கே நீங்கள் எந்தப் பக்கம் நிற்பீர்கள் என்பதை நான் தீர்மானிக்க முடியாது. ஆனால் ‘ஆன்மா இல்லை என்றால் மறுபிறப்பு முரண்’ என்ற வாதம், பிறப்பு என்றால் ஒரு பொருள் இடம் மாறுவது என்று முன்கூட்டியே எடுத்துக்கொண்டால்தான் நிற்கும். முத்திரை அரக்கில் பதிகிறது. முத்திரையிலிருந்து ஒரு துளிகூட அரக்குக்குப் போவதில்லை.

ஏறத்தாழ 2ஆம் நூற்றாண்டில் பௌத்தத் தத்துவவாதி நாகார்ச்சுனர் இதை இன்னும் ஒரு சுற்று இறுக்கினார். சார்ந்து தோன்றுவது எதுவோ அதற்குச் சொந்தமாக ஒரு சாரம் இருக்க முடியாது. அந்தச் சாரமின்மைதான் சூனியம். மூலமத்தியமக காரிகையின் 24ஆம் அதிகாரம் 18ஆம் செய்யுளில், சார்பின் தோற்றத்தையே சூனியம் என்கிறோம், அதுவே நடுவழி என்கிறார். சூனியம் என்றால் ஒன்றுமில்லை என்று பயப்பட வேண்டாம். ஏணி தானாக நிற்கவில்லை என்று சொல்வதும் ஏணியே இல்லை என்று சொல்வதும் ஒன்றல்ல. புத்தர் கச்சானகோத்தர் என்ற பிக்குவுக்குச் சொன்ன ‘உண்டு என்பது ஒரு முனை, இல்லை என்பது ஒரு முனை’ என்ற சிறு உபதேசத்தை நாகார்ச்சுனர் பெயர் சொல்லியே எடுத்தாள்கிறார். புதுமை செய்கிறோம் என்று அவர் நினைக்கவில்லை.

இன்றைக்கு அதிகம் காதில் விழும் வாசிப்பு வேறு: ‘எல்லாம் எல்லாவற்றோடும் பிணைந்திருக்கிறது.’ வியட்நாமியத் துறவி திக் நியாட் ஹான் (1926–2022) ஒரு தாளுக்குள் மேகத்தைப் பார்க்கச் சொன்னார். மேகம் இல்லாமல் மழை இல்லை, மழை இல்லாமல் மரம் இல்லை, மரம் இல்லாமல் தாள் இல்லை. இனிய பார்வை. அதன் வேர் சீனத்து ஹுவாயென் பௌத்தப் பள்ளியில், பாஸாங் (643–712) போன்றவர்களிடம் இருக்கிறது. ஆனால் அதைப் பாலிச் சுத்தங்களின் கருத்து என்று சொல்வது சரியல்ல. ஓர் அந்தணர் வந்து ‘எல்லாம் ஒன்றா? எல்லாம் பலவா?’ என்று கேட்டபோது இரண்டையுமே புத்தர் உலகாயதம் (உலகைப் பற்றிய ஊகக் கோட்பாடு) என்று தள்ளிவிட்டார். சுத்தங்களில் பிணைந்திருப்பது கொண்டாடும் விஷயமே அல்ல. நூல்கண்டின் சிக்கு நினைவிருக்கிறதா? பிணைப்பைத்தான் அவிழ்க்க வேண்டும்.

அவிழ்ப்பது சூத்திரத்தின் பின்பாதியில் இருக்கிறது: இது ஒழிய, இது ஒழிகிறது. முன்பாதியை மட்டும் வைத்துக்கொண்டு இதைப் பிரபஞ்ச விதியாகப் பேசுபவர்கள் மருந்துச் சீட்டில் நோயின் பெயரை மட்டும் படித்துவிட்டு மடித்து வைப்பவர்கள். அவிழ்க்கும் இடம் எது? வாயில், ஊறு, நுகர்வு இவற்றை நிறுத்த முடியாது. கண் திறந்திருந்தால் தெரியும், பட்டால் வலிக்கும். நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவில்தான் ஒரு இடைவெளி. கசப்பு கசப்பாகவே தெரிந்து, ‘வேண்டும், வேண்டாம்’ என்று தாண்டாமல் நிற்க முடிகிற ஒரே இடம் அது. சதிப்பட்டானம் என்னும் விழிப்புணர்வுப் பயிற்சி நுகர்வைத் தனியாக ஒரு பகுதியாக எடுத்துக் கவனிக்கச் சொல்வதன் காரணம் எனக்கு இதுவாகத்தான் படுகிறது. வேரான பேதைமை போகாமல் முழு விடுதலை இல்லை என்பது உண்மைதான். ஆனால் வேரை நேரடியாகப் பிடுங்கக் கை எட்டாது, கிளைக்கு எட்டும்.

சம்யுத்த நிகாயத்தின் நிதானப் பகுதியில் அதிகம் பேசப்படாத ஒரு சுத்தம் இருக்கிறது, உபனிச சுத்தம். அதில் பட்டியல் துக்கத்தோடு முடிவதில்லை. துக்கத்தைச் சார்ந்து நம்பிக்கை, நம்பிக்கையைச் சார்ந்து மகிழ்ச்சி, அங்கிருந்து அமைதி, ஒருமை, உள்ளபடி காணுதல், கடைசியில் விடுதலை என்று அதே சார்பு இலக்கணம் மேல்நோக்கி ஏறுகிறது. மலை உச்சியில் கனமழை பெய்ய, பிளவுகளும் ஓடைகளும் நிரம்பி, குளங்கள் நிரம்பி, ஏரிகள் நிரம்பி, சிற்றாறும் பேராறும் பெருகிக் கடல் நிறைவது போல என்று உவமை. மூலநூல் படிக்கும் எண்ணம் இருந்தால் இந்தச் சுத்தத்தில் தொடங்குங்கள். அப்புறம் மணிமேகலையின் 30ஆம் காதை, ஒரு நல்ல உரையோடு. நாகார்ச்சுனர் அதற்கும் பிறகு வரலாம், அவசரமில்லை.